பட்டம் போதாது, பயிற்சி வேண்டும்

முன்னாள் மாணவர் யார் வந்து வழி கேட்டாலும் உடனே ஒரு வழியைக் காட்டிவிடுவது கல்லூரி ஆசிரியர்களின் பழக்கம். 2019-இல் நானும் அப்படி ஒரு வழியைக் காட்டினேன். அது தவறான வழி என்பது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

வந்தவர் என்னிடம் பொருளியல் படித்தவர். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவதாகச் சொன்னார். "பட்டம் இருக்கிறது, பி.எட். முடித்துவிடுங்கள் அம்மா, போதும்" என்றேன். அன்றைய விதி அதற்கு இடம் தந்தது. பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம், பணியில் சேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் அறிவித்திருந்தது. அவர் வேலையை விட்டார், பி.எட். முடித்தார், மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளிலும் தேர்ச்சி பெற்றார்.

2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. ராஜஸ்தானிலிருந்து வந்த வழக்கில், தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். உரிய தகுதி ஆகாது என்று தீர்ப்பளித்தது. கல்வி உரிமை என்பது தரமான கல்விக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்பதும், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் திறன் பி.எட். படிப்பில் அளிக்கப்படுவதில்லை என்பதும் தீர்ப்பின் சாரம். ஏற்கெனவே நியமனம் பெற்றவர்களுக்குப் பின்னர் பாதுகாப்பு கிடைத்தது. நியமனத்துக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் மாணவி காத்திருந்தவர்களில் ஒருவர்.

தீர்ப்பைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபமே வந்தது. முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவருக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரத் தெரியாதா? அந்தக் கேள்விக்கான விடையை அதற்கு முந்தைய ஆண்டே நான் நேரில் பார்த்திருந்தேன். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மையம் ஒன்றில் அவர் தன்னார்வலராக இருந்தார். ஒரு மாலை நானும் சென்றேன். ஒரு சிறுவன் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்க வேண்டும் என்று மூன்று முறை விளக்கினேன். நாட்டின் கடன் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்தவன் நான். அந்தக் கடனை அவனுக்குப் புரியவைக்க என்னால் இயலவில்லை. என் மாணவியும் முயன்று தோற்றார். உள்ளூர்ப் பள்ளியின் இடைநிலை ஆசிரியை மறுநாள் வந்தார். பத்துப் பத்துக் குச்சிகளாக ஐந்து கட்டுகளும், இரண்டு தனிக் குச்சிகளும் அவன் முன் வைத்தார். "இதில் எனக்கு இருபத்தேழு குச்சி கொடு" என்றார். இரண்டு கட்டுகளைக் கொடுத்த சிறுவன், ஏழு தனிக் குச்சிகள் இல்லாமல் சற்று விழித்தான். பிறகு தானாகவே ஒரு கட்டைப் பிரித்தான். கடன் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் வரையறுத்த கருத்து ஒன்று இதை விளக்குகிறது. பாடத்தை அறிவது ஒன்று. அந்தப் பாடத்தில் குழந்தை எங்கே தடுமாறும், எதைக் கொண்டு அதை மீட்கலாம் என்று அறிவது வேறொன்று. நம் சமூகமோ, வகுப்பு சிறியதாக இருந்தால் ஆசிரியரின் வேலையும் எளிது என்று கணக்கிடுகிறது.

வேறு துறையிலிருந்து வர விரும்புவோர் இன்றைய நடைமுறையைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிப்பவரின் பதவிப் பெயர் இடைநிலை ஆசிரியர். அதற்கான அடிப்படைக் கல்வித் தகுதி, மேல்நிலைத் தேர்வில் உரிய மதிப்பெண்ணும், இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும். இப்பட்டயத்தை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும், தனியார் நிறுவனங்களிலும் படிக்கலாம். தனியார் நிறுவனத்தில் சேர்வோர், அதன் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். சேர்க்கை அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டிய பகுதி வயது வரம்பு.

பட்டயத்துக்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ் உள்ளிட்ட முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளில் தலா 30 வினாக்கள், மொத்தம் 150. இதை எளிதாக எண்ண வேண்டாம். 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதன்முறையாக இத்தேர்வு நடந்தபோது தேர்ச்சி பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தகுதித் தேர்வில் வென்றாலும் அரசுப் பணி உறுதியில்லை. 2018-ஆம் ஆண்டின் அரசாணை 149, நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வை வைத்திருக்கிறது.

ஒரு பொருளியல் ஆசிரியனாக இந்தப் பாதையின் விலையையும் சொல்லியாக வேண்டும். மாதம் 22,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் படித்தால், அவர் இழக்கும் வருமானம் 5,28,000 ரூபாய். கட்டணத்தைவிட இந்த வாய்ப்புச் செலவுதான் பெரிது. இதற்கு மேல் நிச்சயமின்மையும் உண்டு. இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனத்தில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் 1,768 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஜூலையில் தேர்வு நடந்தது. அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாத நிலையில் குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் எதை நம்பி வேலையை விடுவார்?

இதற்குத் தீர்வாக, தகுதியைத் தளர்த்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. 2018-இல் தளர்த்தியதன் விளைவை என் மாணவி போன்றோர் சுமந்தார்கள். தளர்வு நிலைத்திருந்தால், குச்சிக் கட்டைப் பிரிக்கத் தெரியாத ஆசிரியர்களிடம் குழந்தைகள் அதன் விளைவைச் சுமந்திருப்பார்கள். பயிற்சியின் தரத்தில் கைவைக்காமல் அதன் விலையைக் குறைப்பதே அரசு செய்ய வேண்டியது.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பணி அனுபவத்தோடு வருவோருக்குப் பட்டயப் படிப்பில் ஒரு சிறு பங்கு இடங்களை ஒதுக்கலாம். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் அவர்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. தன்னார்வலராகக் கற்பித்த அனுபவமும் நேர்காணலும் சொல்லும். நியமனத்துக்கான வயது வரம்பை 2023-இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்திய அரசு, பயிற்சியின் வாசலையும் அதற்கேற்ப அகலமாக்குவதுதான் முறை. இரண்டாவது, வேலையை விட்டு வருவோருக்குப் பயிற்சிக்கால உதவித்தொகை தரலாம். ஈடாக, அரசுப் பள்ளியில் சில ஆண்டுகள் பணியாற்றும் உறுதியைப் பெறலாம். மூன்றாவதற்குப் பணமே தேவையில்லை. தகுதித் தேர்வும் நியமனத் தேர்வும் ஆண்டுதோறும் எந்த மாதத்தில் நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, அதன்படி நடத்த வேண்டும்.

தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குப் பிறகு என் மாணவி மீண்டும் வீட்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன் சார். அந்தக் குச்சிக் கட்டு எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது" என்றார். அவரது பிரிவுக்கான வயது வரம்புக்குள் அவர் இருந்தார். இம்முறை விதிகளை வரி வரியாகப் படித்த பின்பே இருவரும் சேர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம்.

தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவர்களோடு அமர்ந்து அவர் படித்தார். கையிருப்பு எந்த மாதம் வரை வரும் என்பதைக் கணக்குப் பிரிவில் இருந்தவருக்கே உரிய துல்லியத்துடன் சொன்னார். பிறகு, தகுதித் தேர்வு எப்போது, நியமனத் தேர்வு எப்போது என்று என்னிடம் கேட்டார். இம்முறை நான் அவசரப்பட்டு எந்த விடையும் சொல்லவில்லை. அந்த விடையைத் தேதியோடு தர வேண்டியது அரசு.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)