சர்க்கரை புரதத்தில் ஒட்டுவதைக் கடல் பாசி தடுக்குமா?

"மூணு மாச சுகர் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சொல்வது நம் உறுப்பினர்கள் பலருக்கும் பழக்கம். சாப்பிடாமல் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை எடுப்பது தெரியும். அதென்ன மூணு மாச சுகர்? இது புரிந்தால் கடல் பாசி பற்றிய செய்தியும் புரிந்துவிடும்.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது சும்மா இருக்காது சகோதரிகளே. உடம்பில் உள்ள புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் தெரிந்துவிடும். சீட்டில் 'எச்பிஏ1சி' என்று எழுதியிருப்பார்கள். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் மாற்றிக் காட்டலாம், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிவப்பணு அழிந்து புதிது வந்துவிடுகிறது. ஆனால் கண்ணின் லென்ஸிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் உள்ள சில புரதங்கள் சீக்கிரம் மாறுவதில்லை. அவற்றில் வருஷக்கணக்கில் சர்க்கரை ஒட்டி, பழுப்பேறி, கெட்டிப்பட்டுப் போகும். தோசை முறுகும்போது நிறம் மாறுகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான். அடுப்பில் ஒரு நிமிஷத்தில் நடப்பது உடம்பில் மெதுவாக நடக்கிறது. கண்புரை சீக்கிரம் வருவதற்கும் கிட்னி கெடுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் பாசி வருகிறது. பழுப்பு நிறக் கடல் பாசிகளில் ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. பாக்கிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புக்கு இது ஒரு வகையில் உறவு. சர்க்கரை உடையும்போது மெத்தில்கிளையாக்சால் என்று ஒன்று உண்டாகிறது. சர்க்கரையை விட வேகமாகப் புரதத்தில் ஒட்டுவது இதுதான். ஃப்ளோரோடானின் முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்கிறது, புரதம் தப்பிக்கிறது. ஃபியூகஸ் என்ற குளிர்கடல் பாசியை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் இதைக் காட்டினார்கள்.

நம் ராமநாதபுரம் கடலில் பழுப்புப் பாசிக்குக் குறைவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கி நம் பெண்கள் எடுத்து வருகிற கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அந்த ஜாதிதான். கடையில் 'கடல்பாசி' என்று விற்பது வேறு. அது சிவப்புப் பாசியில் எடுப்பது, அதில் ஃப்ளோரோடானின் கிடையாது. அதிலும் நாம் சர்க்கரையைக் கொட்டித்தானே செய்கிறோம்!

அப்படியானால் கட்டக்கோரையைப் பொடித்துச் சாப்பிடலாமா? வேண்டாம். அந்த 2012 சோதனை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்த புரதத்தை வைத்துக் குழாயில் செய்தது. நாம் விழுங்குவது குடலைத் தாண்டி எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது வேறு கேள்வி. அமினோகுவானிடின் என்ற மருந்தும் ஆய்வுக்கூடத்தில் இதே வேலையை நன்றாகச் செய்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் உறுதியாகவில்லை, பக்க விளைவும் வந்தது. கடைசி வரை அது மருந்துக் கடைக்கு வரவில்லை.

இன்னொன்று, பாசியில் அயோடின் அதிகம் இருக்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. கடலில் உள்ள ஆர்சனிக் போன்ற நஞ்சையும் பாசி இழுத்து வைத்துக்கொள்ளும்.

"பாசிப் பொடி சாப்பிடுங்க, சுகர் மாத்திரையை நிறுத்திடலாம்" என்று குழுக் கூட்டத்துக்கு யாராவது விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாசி? எத்தனை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது? ஆர்சனிக் சோதித்த சீட்டு எங்கே? பதில் வரும்வரை அதற்காக உள்கடன் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தில் எச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கலாம். சுகர் உள்ளவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அதை எடுக்க வேண்டும். கண்ணையும் சிறுநீரையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.