வேலை வாங்கத் தெரிந்தால் போதுமா? அரியலூர் சொல்லும் பாடம்!

பத்துப் பேருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். சிலர் அவரை மானேஜர் என்கிறார்கள். சிலர் போர்மன் என்கிறார்கள். கட்டட வேலையில் மேஸ்திரி என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பத்துப் பேரையும் நடத்திச் செல்லவேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்கள் இன்று ஏராளம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் இருக்கின்றன. அரசு சிமெண்டு ஆலை 1979-ம் ஆண்டு இங்கே தொடங்கியது. பெரம்பலூர் பக்கம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களில் இருந்து பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள்.

அவர்களில் சிலர் பதவி உயர்வு பெறுகிறார்கள். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு இன்று உத்தரவு போடவேண்டும். அதை எப்படிச் செய்வது?

உரக்கக் கத்தினால் போதுமா? முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால் போதுமா?

போதாது. தலைமை என்றால் என்ன என்று நாட்டுக்கே காட்டிய ஒரு சம்பவத்தில் அரியலூரின் பெயர் இருக்கிறது.

மருதையாற்றில் வெள்ளம்

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந்தேதி. கார்த்திகை மழை கொட்டித் தீர்த்திருந்தது. சென்னையில் இருந்து தூத்துக்குடிக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரெயில் அரியலூரைத் தாண்டியது. விடியப்போகும் நேரம். பயணிகளில் பலர் தூக்கத்தில் இருந்தார்கள்.

அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாறு ஓடுகிறது. அன்று ஆறு கரைபுரண்டு ஓடியது. பாலத்தை ஒட்டிய மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. ரெயில் வந்தது. என்ஜின் ஆற்றில் விழுந்தது. பின்னால் வந்த பெட்டிகளும் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அப்போது ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் ரெயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவில்லை. மழையையும் அவர் வரவழைக்கவில்லை. ஆனாலும், "என் இலாகாவில் நடந்தது; நானே பொறுப்பு" என்ற எண்ணத்துடன் ராஜினாமா செய்தார்.

அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே ஒரு ரெயில் விபத்து நடந்தது. அப்போதும் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். பிரதம மந்திரி நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது குற்றம் இல்லை என்றும், பொறுப்புக்கு முன்மாதிரியாக இருக்கவே இதை ஏற்பதாகவும் அவர் பாராளுமன்றத்தில் விளக்கினார்.

பதவியை விட்டதால் சாஸ்திரி சிறுத்துப்போனாரா? இல்லை. மக்கள் மனதில் உயர்ந்தார். 1964-ம் ஆண்டு நாட்டின் பிரதம மந்திரி ஆனார்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ராஜினாமாவால் இறந்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள். ஆகவே பொறுப்பு என்பது விபத்துக்குப் பிறகு தொடங்கும் காரியம் அல்ல. விபத்துக்கு முன்பே தொடங்கவேண்டிய காரியம்.

கடைசி ஆளின் குரல்

மழைக்காலத்தில் ரெயில் பாதையில் இரவு முழுதும் காவல் ஆட்கள் நடப்பார்கள். கையில் விளக்கு இருக்கும். எச்சரிக்கை வெடியும் இருக்கும். பாதை கெட்டிருந்தால் அந்தச் சாதாரண ஊழியர் சிவப்பு விளக்கைக் காட்டுவார். எவ்வளவு பெரிய எக்ஸ்பிரசும் நின்றாகவேண்டும். "நிறுத்தச் சொல்ல நீ யார்?" என்று எந்த அதிகாரியும் கேட்க முடியாது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் இப்படித்தான். வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். ஆட்கள் எல்லாரும் விலகிவிட்டார்களா என்று பார்ப்பார்கள். வெடித்த பிறகும் உடனே உள்ளே போகக்கூடாது. வெடிக்காத வெடி எதுவும் தங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே போகவேண்டும். அதைப் பார்க்கும் ஆள் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

ஜப்பான் நாட்டில் டொயோட்டா கார் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே முன்பு தொழிலாளியின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். குறை கண்டால் அவர் கயிற்றை இழுப்பார். மேற்பார்வையாளர் ஓடிவருவார். குறை தீராவிட்டால் வேலை அப்படியே நிற்கும். கயிற்றை இழுத்தவரை யாரும் திட்டமாட்டார்கள்.

நம் ஆலைகளில் என்ன நடக்கிறது? ஒரு தொழிலாளி வந்து, "அண்ணே, பெல்ட்டில் ஏதோ சத்தம் வருது" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "உன் வேலையைப் பாருடா" என்று போர்மன் விரட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை சத்தம் கேட்டாலும் அவன் சொல்லமாட்டான். பெல்ட் அறுந்த பிறகுதான் தெரியும். யாருடைய கையாவது போன பிறகுதான் தெரியும்.

"சொன்னது நல்லது தம்பி. வா, போய்ப் பார்ப்போம்." இந்த ஒரு வார்த்தை போதும். கெட்ட செய்தி முதலில் யார் காதுக்கு வருகிறதோ அவரே நல்ல மானேஜர்!

பழி எனக்கு, புகழ் உனக்கு

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தம் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பல மேடைகளில் சொன்னார்.

1979-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பியது. அந்தத் திட்டத்தின் தலைவர் கலாம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. நிருபர்கள் காத்திருந்தார்கள். கலாமின் மேல் அதிகாரி சதீஷ் தவான் தாமே நிருபர்கள் முன் போய் நின்றார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். தம் ஆட்கள் அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றார்.

1980-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. அப்போது தவான் என்ன செய்தார் தெரியுமா? "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பிவைத்தார்!

பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. உற்பத்தி கூடினால், "நான் செய்தேன்" என்கிறார்கள். குறைந்தால், "பசங்க சரியில்லை" என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்காக ஆட்கள் சம்பளத்துக்கு மட்டுமே உழைப்பார்கள்.

தினமும் செய்யவேண்டியவை

தலைமை பிறவியில் வருவது அல்ல. சைக்கிள் ஓட்டுவது போலப் பழகினால் வரும்.

உத்தரவைத் தெளிவாகச் சொல்லுங்கள். யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். "சீக்கிரம் முடிங்கப்பா" என்பது உத்தரவு அல்ல. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஷிப்டு மாறும்போது போகிறவரும் வருகிறவரும் ஐந்து நிமிடம் பேசவேண்டும். எந்த மெஷின் மக்கர் செய்கிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லி நோட்டிலும் எழுதவேண்டும்.

கண்டிப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டைப் பத்துப் பேர் முன்னால் சொல்லுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பேச்சில் இன்னும் கவனம் வேண்டும்.

உறவுக்காரன், சொந்த ஊர்க்காரன், சாதிக்காரன் என்று பார்க்காதீர்கள். லீவு கொடுப்பதிலும் ஓவர்டைம் கொடுப்பதிலும் எல்லாருக்கும் ஒரே படி, ஒரே தராசு.

தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். இருபது வருடம் அதே மெஷினில் நின்ற பெரியவர், படித்து வந்த இளைஞருக்குத் தெரியாததைச் சொல்வார். அவரை, "ஐயா" என்று கூப்பிட்டால் பதவி குறைந்துவிடாது.

இவை ஆலைக்கு மட்டும் அல்ல. மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தும் பெண்ணுக்கும் இதுவே வழி. குழுவின் கணக்கை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டும் தலைவிக்குச் சண்டை குறைவு, நிம்மதி அதிகம்.

நாற்காலியைக் கம்பெனி கொடுக்கும். மரியாதையைக் கூட வேலை செய்கிறவர்கள்தான் கொடுக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்க முடியாது. நடந்து காட்டித்தான் வாங்கவேண்டும்!