கொச்சி செபக்கூடத்தில் ஓர் அறப்போர்

ஓய்வுநாளை அனுசரிக்க வேண்டும் எனும் கட்டளையை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆயினும் இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் அக்கட்டளை கூறப்படும் முறையை ஊன்றிப் படிப்போர் சிலரே. வீட்டுத் தலைவன் மட்டுமன்று, அவனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையுங்கூட அன்று ஓய்ந்திருக்க வேண்டும். நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவனன்றோ என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். தஞ்சைத் தரணியில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்கு முன், மிராசுதாரின் நஞ்சையில் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டு உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனையோ பேர்!

யூத மக்கள் வெள்ளி மாலையிலேயே ஓய்வுநாளைத் தொடங்குகின்றனர். அன்றிரவு திராட்சை இரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் ஆசிமொழியில், எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூர்வது அவர்தம் மரபு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி செபக்கூடத்தாரும் இம்மரபினரே. ஆனால் அதே செபக்கூடத்தில் ஒரு சாராருக்கு விசுப்பலகையில் அமர இடமில்லை. அவர்கள் யூதர்களிடம் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள். ‘மெசுக்ராரிம்’ என்று அவர்களை அழைத்தனர். எபிரேயத்தில் ‘விடுவிக்கப்பட்டோர்’ என்று பொருள். பெயரில் விடுதலை இருந்தது. இருக்கையோ தரையில். மணவுறவும் மறுக்கப்பட்டது, கல்லறையிலும் தனியிடமே.

இறைவனின் சட்டத்தைக் கையிலேந்தியோர் இவ்வாறு செய்யலாமா என்று கேட்க நம் நா எழுமுன், வடக்கன்குளத்தை நினைத்துக்கொள்வது நலம். அங்கு நம் கோயிலின் நடுவே சாதிக்கொரு பக்கமாய் எழுப்பிய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைச் சுவர்களைப் பற்றி இங்கு நாம் எழுதப் புகுந்தால் இதழின் பக்கங்கள் போதா.

அந்த விடுவிக்கப்பட்டோர் குலத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்பு நம் சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடித்தார். அவர்களுள் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே. வழக்கறிஞராய் எறணாகுளத்தில் பெயரெடுத்தார். கொச்சி சட்டமன்றத்தில் அமர்ந்தார். தொழிலாளர் சங்கங்களுக்காக வாதாடினார். 1929இல் லாகூர் காங்கிரசிலும் கலந்துகொண்டார். சட்டமன்றத்தில் ஆசனம் பெற்றவருக்குச் செபக்கூடத்தில் ஆசனம் இல்லை!

முதலில் அவர் செபக்கூடத்தைப் புறக்கணித்தார். அது பயனளிக்கவில்லை. பிறகு காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைத் தம் மக்களின் வழிபாட்டிடத்திற்குள்ளேயே கொண்டு சென்றார். விலகிச் சென்று வேறொரு கூடம் கட்டிக்கொள்வது எளிதாயிருந்திருக்கலாம். உள்ளே நின்று உரிமை கேட்பதற்கே மிகுந்த பொறுமை வேண்டும் என்பது நம் கருத்து. அண்டைத் திருவிதாங்கூரில் 1924இல் வைக்கம் போராட்டம் தொடங்கி, 1936இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்த காலம் அது. 1930களின் நடுவில் பழைய தடைகள் பல செபக்கூடத்திலும் தளர்ந்தன.

மணத் தடை மட்டும் எளிதில் அசையவில்லை. 1950இல் அவருடைய மகன் ‘வெள்ளை யூதர்’ எனப்பட்ட குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணம் கொச்சியில் நடைபெறவில்லை. பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது.

‘யூத காந்தி’ எனப் போற்றப்பட்ட சேலம் 1967இல் காலமானார். கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பொது வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆண்கள், வெளியூரார் வந்தாலன்றி இன்று அங்குக் கூடுவதில்லை. செபக்கூடத்திற்குச் செல்லும் வீதிக்கு ஏ. பி. சேலம் சாலை என்று பெயர்.