வேம்பார்

வேம்பார் தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாவட்டத்தின் வடகிழக்கு எல்லை இது. இதைத் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டத்தின் கன்னிராஜபுரமும் சாயல்குடியும் வந்துவிடும். ஊர், வேம்பார் வடக்கு, வேம்பார் தெற்கு என இரண்டு ஊராட்சிகளாக உள்ளது. மீன்பிடித்தொழிலும் பனைத்தொழிலும் இதன் இரு கால்கள்.

ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துவிடும் ஊர் இது. ஆற்றங்கரையில் பனைகளும், கரையேற்றிய படகுகளும், உச்சிவேளையில் ஓசையடங்கிய தெருக்களும் பார்ப்பவருக்கு இது என்றுமே இப்படி இருந்த சிற்றூர் என்ற எண்ணத்தைத் தரும். ஆனால் வேம்பார் ஒரு துறைமுகம். இன்று காணும் அமைதி, கப்பல் வராமல் போன துறையின் அமைதி.

பெயரும் ஆறும்

ஊருக்கும் அதன் அருகே கடலில் கலக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒன்றே. பழைய எழுத்துகளிலும் ஆலயம் சார்ந்த வெளியீடுகளிலும் ‘வேம்பாறு’ என்ற வடிவம் காணப்படுகிறது. பேச்சில் அது வேம்பார் ஆகிவிட்டது. தெற்கே வைப்பாறும் வைப்பார் என்ற ஊரும் இருப்பது போன்றதே இதுவும்.

ஆறு என்றதும் தாமிரபரணியை நினைத்துக்கொண்டு வருபவர் ஏமாந்துபோவார். இது கரிசல் நிலத்தின் மழைநீரை வாங்கிக்கொண்டு வரும் பருவ ஆறு. இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஆறு ஓடும். மற்ற மாதங்களில் மேலிருந்து நீர் வராது. கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவாரப் பகுதியே ஆறாகத் தெரியும். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றே வருபவருக்கு மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும் ஏற்ற காலம்.

ஏழு கடல்துறைகளில் ஒன்று

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் பரதவர்களின் ஏழு கடல்துறைகள் என்று ஒரு வரிசை உண்டு. தெற்கிலிருந்து எண்ணினால் மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பார். வரிசையின் வடகோடி வேம்பார்.

இந்த வரிசையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஏழில் நான்கு ஊர்கள் ஆற்றுமுகத்தில் அமைந்தவை. மணப்பாட்டில் கருமேனி ஆறு, புன்னைக்காயலில் தாமிரபரணி, வைப்பாரில் வைப்பாறு, வேம்பாரில் வேம்பாறு. பாய்மரக் காலத்தில் சிறு கலங்களுக்குப் பெரிய தளமோ ஆழமோ தேவைப்படவில்லை. அலையிலிருந்து ஒதுங்க ஒரு முகத்துவாரமும், சரக்கை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல வண்டிப்பாதையும் இருந்தால் போதும். ஆண்டில் சில மாதங்களே ஓடும் ஆறு ஒரு துறையைப் பிறப்பித்தது இப்படித்தான்.

1535-37 ஆண்டுகளில் இக்கரைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை ஏற்றுக் கத்தோலிக்கர் ஆயினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்து, கடற்கரை ஊர்களில் நடந்தே பணிசெய்தார். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியரை வெளியேற்றினர். ஆட்சி மாறியும் மக்கள் தங்கள் கத்தோலிக்க வழிபாட்டை விட்டுவிடவில்லை. புதிய ஆட்சியாளரின் சீர்திருத்தச் சபை இக்கரையில் வேரூன்றவேயில்லை. வேம்பாரின் பரிசுத்த ஆவி ஆலயமும் செபஸ்தியார் ஆலயமும் இந்தத் தொடர்ச்சியில் வருபவை. செபஸ்தியாரின் திருநாள் ஜனவரி 20. பரிசுத்த ஆவிப் பெருவிழா உயிர்த்த ஞாயிறுக்குப் பின் ஐம்பதாம் நாள். அது மே மாதத்திலோ ஜூன் முற்பாதியிலோ வரும். வெளியூர்களில் வேலைபார்க்கும் ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டுமானால் திருவிழா நாட்களே தக்கவை.

முத்தும் சங்கும்

இக்கரையில் கடலடியில் உள்ள பாறைத்திட்டைப் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பிகள் ஒட்டி வளர்வது இப்பார்களில்தான். ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு அரசின் உரிமை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் என்பது வழக்கமான பங்கீடு. குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பதே முறை என்று கடற்கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலிக்காகவாவது அவர் கைதளர மாட்டார் என்பது அதற்குக் காரணம். சுறாக்களை மந்திரத்தால் வாய்கட்ட வைப்பதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்பவருக்கும் முத்துக்குளிப்பில் பங்கு தரப்பட்டது.

முத்து ஆண்டுதோறும் கிடைத்த விளைச்சல் அல்ல. பத்து இருபது ஆண்டுகள் குளிப்பே நடக்காமல் போன காலங்கள் உண்டு. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிக் குளிப்பு. அதற்குப் பின் பார்கள் தேறவில்லை. சங்கு எடுப்பது மட்டும் இக்கடலில் தொடர்ந்தது. எனவே ‘முத்துக்குளித்துறை’ என்ற பெயரை நம்பி முத்து வாங்க வருவோருக்கு வேம்பாரில் கிடைப்பது கதை மட்டுமே.

துறை ஓய்ந்த விதம்

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கரிசல் நாட்டின் பருத்திக்கு அதுவே கப்பலேறும் வாசல் ஆயிற்று. பருத்தியைத் தொடர்ந்து ஆலைகளும், ஆலைகளைத் தொடர்ந்து வணிகரும் அங்கே குவிந்தனர். நீராவிக் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, ஆற்றுமுகத்தில் ஒதுங்கும் கலங்களுக்கு வேலை குறைந்தது. 1974இல் தூத்துக்குடி நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரு வரிசையில் சமமாக நின்ற ஏழு துறைகளில் ஒன்று மாநகரமாகவும், மற்றவை மீனவ ஊர்களாகவும் ஆன வரலாறு இவ்வளவே. வேம்பாருக்கு இன்றுவரை ரயில் இல்லை.

வணிகம் போனதால் ஊர் அழிந்துவிடவில்லை. கடலும் பனையும் இருந்தன. ஆனால் படித்தவர்களும் தொழில்தேடியவர்களும் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் போயினர். பூட்டிய வீடுகள் திருவிழாவுக்குத் திறப்பது இக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் காணும் காட்சி.

கடற்கரையில்

வேம்பாரில் நாட்டுப்படகு மீன்பிடியே முதன்மை. முன்பு மரவள்ளம், இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகு. சாளை, சூடை, விளமீன், பாறை, ஊழி, கணவாய், நண்டு ஆகியவை காலத்துக்கேற்பக் கிடைக்கும். சிங்கி இறால் அகப்பட்டால் அன்றைக்கு நல்ல நாள். ஏற்றுமதிக்குப் போகும் அந்த இறாலை ஊரில் சமைத்துச் சாப்பிடுவது அரிது.

கடலை ஆள்வது காற்று. வாடை வீசும் மழைக்காலத்திலும், கச்சான் மும்முரமாக இருக்கும் ஆனி, ஆடியிலும் பல நாட்கள் படகு இறங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதது கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களின் வழக்கம். வருபவர் கிழமையைப் பார்த்து வருவது நல்லது. ஞாயிறன்று வந்தால் பூசையைப் பார்க்கலாம், ஏலத்தைப் பார்க்க முடியாது.

ஏலம் காலையில் படகு கரையேறியதும் நடக்கும். விலை சொல்வதும் கை காட்டுவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். இடையில் நின்று படம்பிடிப்பது வேலைக்கு இடைஞ்சல். விரித்துக் காயப்போட்ட வலையைத் தாண்டுவதையும் செருப்புக் காலோடு மிதிப்பதையும் மீனவர்கள் விரும்ப மாட்டார்கள். சுற்றிப் போனால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வலைபின்னுபவரிடம் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

பனங்காடு

வேம்பாரின் பெயர் தமிழ்நாட்டின் மளிகைக் கடைகளில் வழங்குவது கருப்பட்டியால். ஊரைச் சுற்றியும் வடக்கே சாயல்குடி வரையிலும் மணற்பாங்கான நிலத்தில் பனை அடர்ந்து நிற்கிறது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை பதநீர்க் காலம். ஊரைப் பார்க்க வெயிலைப் பொருட்படுத்தாதவர்களுக்கு இதுவே சிறந்த பருவம் எனலாம்.

பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறுகிறார். பாளையைக் கடிப்பால் நெருக்கி, நுனியை அரிவாளால் மெல்லச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர், இல்லையென்றால் புளித்துக் கள். இறக்கிய பதநீரை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. தோப்பிலேயே ஓலை வேய்ந்த விடிலியில் அடுப்பு மூட்டிக் காய்ச்சுவார்கள். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. பொங்கிவரும் பதநீரைப் பதம் தவறாமல் கிளறி, பாகு இறுகும் தருணத்தில் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம் சிரட்டையால் வந்தது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும்.

இந்தக் கணக்குத்தான் தொழிலின் இக்கட்டு. பத்து லிட்டர் பதநீருக்கு எத்தனை மரம் ஏறி இறங்க வேண்டும், எவ்வளவு விறகு எரிய வேண்டும் என்பதை வாங்குபவர் எண்ணுவதில்லை. சீனிப்பாகு கலந்து வார்த்த கட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. நல்ல கருப்பட்டிக்கும் அதற்கும் கண்ணால் வேறுபாடு காண்பது கடினம். விழுந்தால் உயிர்போகும் வேலை, ஆண்டில் நான்கைந்து மாத வருமானம், சந்தையில் கலப்படத்தோடு போட்டி என்றிருக்க, பனையேறியின் மகன் மரம் ஏறாததில் வியப்பில்லை. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. தெற்கே உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மரத்தைக் காக்க ஏற்பாடுகள் வந்துவிட்டன. மரம் ஏறுபவரைக் காப்பதே மிச்சம்.

பதநீர்க் காலத்தில் வருபவர்கள் விடிலியில் நேரடியாக வாங்கலாம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும் காலைப் பதநீருக்கு ஈடான பானம் இக்கோடையில் வேறில்லை. பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுப்பது, மேலே சொன்ன கணக்கை அறிந்தவர் செய்யும் காரியம்.

வேம்பார் தீவுகள்

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வேம்பார்த் தொகுதியில் உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லித் தீவு, நல்லதண்ணித் தீவு என மூன்று தீவுகள். கடலோடிகள் எதைத் தேடித் தீவில் இறங்கினார்கள் என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. தொகுதிக்கு வேம்பாரின் பெயர் இருந்தாலும், தீவுகள் ஊருக்கு நேர்முன்னே இல்லை. கிழக்கே ராமநாதபுரம் மாவட்டக் கரையை ஒட்டியே வரிசையாக உள்ளன. கரையில் நின்று தேடுபவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

இத்தீவுகளில் இறங்கத் தடை உண்டு. படகு வாடகைக்குக் கேட்டு மீனவர்களை வற்புறுத்தினால் வழக்கில் சிக்குவது அவர்கள்தான். சுற்றிலும் உள்ள பவளப்பாறைகளிலிருந்து முன்பு சுண்ணாம்புக்காகக் கல் வெட்டி எடுத்தார்கள். அரண் தேய்ந்ததால் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. 2001 முதல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இங்கு ஆவுளியா எனப்படும் கடற்பசுவும் பாதுகாக்கப்பட்ட உயிரினமே. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுப்பொருளாக எடுத்துப்போவதும் குற்றம்.

சென்றுவர

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம், ராமேசுவரம் செல்லும் கடற்கரைச் சாலைப் பேருந்துகளில் வரலாம். விளாத்திகுளத்திலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் சாலை உண்டு. அருகிலுள்ள விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். தங்குவதற்குத் தூத்துக்குடியையோ ராமநாதபுரத்தையோ நம்பி வருவதே நல்லது. விடியலில் புறப்பட்டு வந்தால் ஏலத்தையும் ஆலயங்களையும் காலையிலேயே பார்த்துவிடலாம். பத்து மணிக்கு மேல் வெயில் கடுமை. மாலை நான்குக்குப் பின் ஆற்றுமுகத்துக்கு நடக்கலாம். மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. ஆற்று வெள்ளமும் கடல் நீரோட்டமும் மோதும் இடத்தில் மணல் காலடியில் இடம்மாறிக்கொண்டே இருக்கும்.