பாட்டு எங்கே உட்காருகிறது? ஏற்காடு, டப்ளின்: சில குறிப்புகள்

ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு மே மாதச் சாயங்காலம். கோடை விழா மேடையிலிருந்து கரகாட்டப் பாட்டு ஒலிபெருக்கி வழியாக வந்துகொண்டிருந்தது. கூட இருந்தவன் என் கல்லூரித் தோழன். சில வருஷம் டப்ளினில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அங்க மேடையே கிடையாதுடா. ஒரு கடைக்குள்ள போற. மூலையில நாலஞ்சு பேர் உக்காந்து வாசிச்சிக்கிட்டிருப்பாங்க. நீ குடிச்சுக்கிட்டே கேக்கலாம், குடிக்காமயும் கேக்கலாம். காலங்காலமா அப்படித்தானாம். நம்ம ஊர்ல ஏன் அந்த மாதிரி ஒண்ணு இல்ல?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. அங்கே அது காலங்காலமாக இருக்கிறது; நம்மிடம் இல்லை; இல்லாததற்குக் காரணம் நம் ரசனைக் குறைவு. மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

முதலில் அவன் பார்த்தது என்ன? அதற்கு 'செஷன்' என்று பெயர். வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்காருகிறார்கள். கேட்பவர்களுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும். பிடில், குழல், தகரத்தில் செய்த சின்ன ஊதல், வாயால் ஊதாமல் முழங்கைக்கடியில் துருத்தியை அமுக்கி வாசிக்கிற பை, 'பௌரான்' எனப்படும் ஆட்டுத்தோல் பறை ஆகியவை வாத்தியங்கள். ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மூன்று முறை சுற்றி வந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். மெட்டு தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். புதிதாக வருகிறவர் உட்காரலாமா என்று பார்வையாலேயே அனுமதி கேட்பார். எழுதப்படாத விதிகள் இவை. வாசிப்பவனுக்கும் கேட்பவனுக்கும் நடுவே மேடை என்கிற உயரம் மட்டும் கிடையாது.

இந்த வழக்கத்தின் வயது எவ்வளவு? மெட்டுகளில் பல பழையவை. ஆனால் மதுக்கடைக்குள் அவை வந்து உட்கார்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முன் அயர்லாந்துக் கிராமங்களில் இசை வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் ஆட்டத்தோடு சேர்ந்து இருந்தது. 1935-இல், டி வலேரா ஆட்சியின்போது, கத்தோலிக்கத் திருச்சபையின் அழுத்தத்தில் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. ஆட்டத்துக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். இதைக் காட்டி வீட்டு ஆட்டங்களையும் பாதிரியார்களும் போலீசும் கலைத்தார்கள். அப்புறம் பஞ்சம் பிழைக்க லண்டன் போன கட்டடத் தொழிலாளிகள், தங்கியிருந்த அறையில் வாசிக்க இடம் இல்லாமல், கேம்டன் டவுன் பக்கத்து மதுக்கடைகளில் கூடி வாசித்தார்கள். 1951-இல் முலிங்கரில் 'கோல்தஸ்' என்ற இசை அமைப்பு தொடங்கியது. 1962-இல் டப்ளினின் ஓடானஹூஸ் மதுக்கடையிலிருந்து 'டப்ளினர்ஸ்' குழு புறப்பட்டது. 1990-களில் மர மேஜை, பழைய போத்தல், பெயர்ப் பலகை எல்லாவற்றையும் மொத்தமாகச் செய்து 'ஐரிஷ் பப்' என்று உலகம் முழுக்க அனுப்பும் வியாபாரமும் வந்துவிட்டது.

ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த நூல், மரபுகள் பலவும் அண்மையில் கட்டப்பட்டவை என்பதை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. கட்டப்பட்டது என்பதாலேயே பொய் என்று ஆகிவிடாது. ஒடுக்கப்பட்ட இடத்திலிருந்து பெயர்ந்த பாட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தது. அதைத்தான் பாரம்பரியம் என்கிறோம்.

2

இப்போது நம் பக்கம் வருவோம். அயர்லாந்துச் சட்டத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலாக அமுல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். ஏற்காடும் அதற்குள் அடங்கும். கள்ளுக்கடை மூடப்பட்டது. அந்த இடத்தில் பஜனை, விளையாட்டு, கூத்து என்று மாற்றுப் பொழுதுபோக்கு ஏற்பாடு செய்வதும் மதுவிலக்குப் பிரச்சாரத்தின் பகுதியாயிற்று. அதாவது, கள்ளுக்கடை வெறும் விற்பனை இடம் இல்லை, ஏழைகள் வேலை முடிந்து கூடிப் பேசிப் பாடுகிற இடமும்கூட என்பது அரசுக்கே தெரிந்திருந்தது.

ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ் கிடந்த இரண்டு நாடுகள். இரண்டிலும் தேசியம் அதிகாரத்துக்கு வந்த கையோடு ஏழையின் சாயங்காலத்தைத் திருத்தப் புறப்பட்டது. அங்கே வீட்டு ஆட்டத்தைத் துரத்தினார்கள். பாட்டு கடைசியில் மதுக்கடைக்குள் போயிற்று. இங்கே கடையை மூடினார்கள். பாட்டை பஜனைக்கு அழைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது கள்ளுக்கடையைப் புனிதப்படுத்திவிடக் கூடாது. கூலி முழுவதும் கடையில் போனால் வீட்டில் உலை கொதிக்காது என்பதை அனுபவித்தவர்கள் பெண்கள். மதுவிலக்குக்கு அவர்கள் கொடுத்த ஆதரவு காந்தியப் போதனையால் மட்டும் வந்ததல்ல.

பிறகு நடந்தது விசித்திரம். கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்வு, 1974-இல் திரும்பத் தடை, 1981-இல் திரும்பத் தளர்வு. 1983-இல் டாஸ்மாக் தொடங்கியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மரத்திலிருந்து இறக்கும் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. ஆலையில் காய்ச்சுவது அரசுக் கடையில் கிடைக்கும். மது திரும்பி வந்தது, கூடுகிற இடம் வரவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து போத்தல் நீளுகிறது. வாங்குகிறவன் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகக் குடித்துவிட்டுப் போகிறான். பாட்டு எங்கே உட்காரும்?

3

தோழனிடம் நான் கேட்ட எதிர்க்கேள்வி: "சரி, வட்டமா உக்காரலாம். யார் யார் உக்காருவாங்க?"

பௌரானும் நம் பறையும் வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிக் குச்சியால் அடிக்கிற ஒரே குடும்பத்து வாத்தியங்கள். 1960-களில் ஷான் ஓ ரியாடா அதைக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். இன்று அதை எவரும் வாசிக்கலாம். இங்கே பறை அடிப்பது ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட சாவு வேலையாக இருந்தது. அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும், பிறகு அதையே விடுதலைக் கருவியாகத் திரும்ப எடுத்ததும் தலித் அரசியலின் வரலாறு. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊரில் ஒரே வட்டம் தானாக வந்துவிடாது.

அங்கேயும் வட்டம் முழு வட்டம் இல்லை. பெண்கள் நெடுங்காலம் 'ஸ்னக்' என்கிற தடுப்பறைக்குள் ஒளிந்து குடித்தார்கள். ஜானி டோரன் போன்ற பெரிய பை வாத்தியக்காரர்களைத் தந்த 'டிராவலர்' நாடோடி மக்களை உள்ளே விடாத கடைகள் இருந்தன. அவர்களுடைய மெட்டு உள்ளே, அவர்கள் வெளியே.

4

ஏற்காட்டிலும் இதே கதைதான். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காடு தோட்டமாயிற்று. மலையாளிப் பழங்குடிகளில் பலர் தங்கள் மலையிலேயே கூலிகளானார்கள். (தமிழ் பேசுகிற மலைமக்கள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் கதை.) கோடை விழா மேடையில் 'கிராமியக் கலை' என்ற தலைப்பில் சில நிமிஷம் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதே மே மாதம் சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவுக்கு அந்த மக்கள் ஊர் ஊராக மேலேறி வருகிறார்கள். அங்கே நேரம் ஒதுக்க அதிகாரி தேவையில்லை. தோழன் தேடிய வட்டம் அங்கே இருந்திருக்கிறது. சுற்றுலாக் கையேடு அதைப் 'பார்க்க வேண்டிய நிகழ்ச்சி' ஆக்குவதற்குள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டும் மதுக்கடையும் சந்திக்கிற இடம் தமிழ்நாட்டிலும் உண்டு. கடைக்குள்ளே இல்லை, கடை வாசலில். சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய போராட்டத்தில் உயிர்விட்டார். அதே வருஷம் அக்டோபரில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக ராஜத்துரோக வழக்கில் கைதானார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள்.

"ஏன் நம்மகிட்ட இல்ல?" என்றால், பாட்டு இல்லாமல் இல்லை. அது உட்கார இடம் கேட்கிறபோதெல்லாம் ஒன்று மேடை கொடுக்கிறார்கள், அல்லது சிறை கொடுக்கிறார்கள்.