மதுரை அருங்காட்சியகத்தில் காந்தியின் ரத்தக்கறை படிந்த ஆடை: இளம் ஜனநாயகம் சந்தித்த முதல் பெரும் சோதனை

மதுரை தமுக்கம் பகுதியில், ராணி மங்கம்மாளின் அரண்மனைக் கட்டடத்தில் இயங்கிவரும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு துணி வைக்கப்பட்டுள்ளது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டபோது மகாத்மா காந்தி அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த ஆடையின் பகுதி அது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு இந்த அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காந்தி தமது முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான். ஆடை மாற்றம் நிகழ்ந்த ஊரிலேயே அவரது இறுதி ஆடையும் இருப்பது பார்வையாளர் பலர் அறியாத செய்தி.

விடுதலைப் போராட்ட வரலாற்றைச் சொல்லும் காட்சிகளின் முடிவில் இத்துணியைக் காண்போர், ஒரு தலைவரின் மரணமாகவே இதை எண்ணிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் அன்றைய சூழலை நோக்கினால் இதன் பொருள் விரிவடைகிறது. நாடு விடுதலை பெற்று ஆறு மாதங்கள்கூட நிறைவடையாத காலம் அது. அரசியலமைப்புச் சட்டம் இன்னும் உருவாகவில்லை. பொதுத் தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. பிரிவினைக் கலவரங்களால் இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான அகதிகள் தில்லியிலும் பஞ்சாபிலும் தங்கியிருந்தனர்.

கொலைக்குப் பத்து நாள்களுக்கு முன்னர், ஜனவரி 20ஆம் தேதி, அதே பிர்லா மாளிகை வளாகத்தில் குண்டு வெடித்தது. மதன்லால் பாவா அங்கேயே பிடிபட்டார். சதியில் மேலும் சிலர் இருப்பது அவரது வாக்குமூலத்தால் தெரியவந்தும், அவர்களைக் காவல் துறையால் பிடிக்க இயலவில்லை. வழிபாட்டுக்கு வருவோரைச் சோதனையிட வேண்டும் என்ற யோசனையை காந்தி ஏற்கவில்லை. காவல் துறையின் இந்தத் தவறுகளைப் பிற்காலத்தில் கபூர் விசாரணை ஆணையம் விரிவாக ஆராய்ந்து, 1969ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது.

கொலையைத் தொடர்ந்து, பிப்ரவரி 4ஆம் தேதி ராஷ்டிரிய ஸ்வயம்சேவக் சங்கத்துக்கு மத்திய அரசு தடை விதித்தது. அத்தடை 1949ஆம் ஆண்டு ஜூலையில் விலக்கப்பட்டது. கொலை வழக்கு செங்கோட்டையில் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றத்தில் நடைபெற்றது. நாதுராம் கோட்சேவும் நாராயண் ஆப்தேவும் 1949 நவம்பர் 15ஆம் தேதி அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டனர், சாவர்க்கர் விடுவிக்கப்பட்டார்.

இவை பரவலாக அறியப்பட்ட செய்திகள். அதிகம் பேசப்படாதது, அடுத்து நாடாளுமன்றப் பணியையும் ஆற்றிவந்த அரசியல் நிர்ணய சபையில் நிகழ்ந்தது. 1948 ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சானூரைச் சேர்ந்த எம். அனந்தசயனம் ஐயங்கார் கொண்டுவந்த தீர்மானம் அங்கு நிறைவேறியது. மதம், இனம், சாதி ஆகியவற்றின் அடிப்படையில் உறுப்பினர்களைச் சேர்க்கும் அல்லது விலக்கும் அமைப்புகள், தம் சமூகத்தின் சமய, பண்பாட்டு, சமூக, கல்வித் தேவைகளைக் கடந்து வேறு செயல்களில் ஈடுபட அனுமதிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஜனநாயகம் முறையாக இயங்குவதற்கு இது இன்றியமையாதது என்று தீர்மானம் காரணம் கூறியது.

அப்போது திருச்சானூரும், தமிழக, கர்நாடக எல்லையையொட்டிய குடுபல்லியும் சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்துடன் சென்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானதால் திருச்சானூர் அதிலும், குடுபல்லி சித்தூரிலும் இன்று அமைந்துள்ளன. 1952 தேர்தலில் திருப்பதியில் வென்ற ஐயங்கார், 1956இல் மக்களவைத் தலைவரானார்.

தீர்மானம் என்பது சட்டம் ஆகாது. அதன் முழு வீச்சுடன் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. எனினும், மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் முறைகேடாகக் கருதுகிறது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பில் இத்தீர்மானம் எடுத்துக்காட்டப்பட்டது. வேட்பாளரின் மதம் மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சுட்டி வாக்குக் கேட்பதும் முறைகேடே என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நால்வர் ஆதரவாகவும் மூவர் எதிராகவும் நின்றனர் என்பதே, இவ்விவாதம் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும்.

சட்டம் இருந்தும் ஜனநாயகம் வீழ்ந்ததற்கு ஜெர்மனி சான்று. அந்நாட்டின் வைமர் நகரில், 1919இல் அரசியல் நிர்ணய சபை கூடிய நாடக அரங்கின் எதிரே, வைமர் குடியரசுக்கான அருங்காட்சியகம் 2019இல் திறக்கப்பட்டது. 1922இல் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனாவ் தீவிர வலதுசாரிகளால் கொல்லப்பட்ட மறுமாதமே, குடியரசைப் பாதுகாக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. ஆனால் நீதிமன்றங்கள் வலதுசாரி வன்முறையாளர்களிடம் மென்மை காட்டின. 1933இல் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். அந்த நாளும் ஜனவரி 30 என்பது தற்செயலே.

இந்தியாவின் பாதை வேறாக அமைந்தது. கொலை நிகழ்ந்த 22ஆம் நாளில், பிப்ரவரி 21ஆம் தேதி, அரசியலமைப்பு வரைவை அம்பேத்கர் சபைத் தலைவரிடம் சமர்ப்பித்தார். சுமார் 17 கோடி வாக்காளர்களைக் கொண்ட முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கியது.

மதுரை அருங்காட்சியகத்தைப் பார்வையிடக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை.