கதைப்படங்களின் மூல ஓவியம்

கேட்ட கதை மறந்துபோயினும் அக்கதையோடு கண்ட படம் மறப்பதில்லை. முருங்கை மரத்தினின்று இறக்கிய பிணத்தைத் தோளிற் சுமந்து, உருவிய வாளுடன் மயான வழியே நடக்கும் விக்கிரமாதித்த மன்னனை நம்மில் அறியாதார் யார்? என் பாட்டியார் தைத்துக் கட்டி வைத்திருந்த பழைய 'அம்புலிமாமா' இதழ்களில், எழுத்தறியுமுன்னரே யான் அவனை அறிந்தேன். அப்படத்தை வரைந்த கை யாருடையது, வரைந்த தாள் எங்கே சென்றது என்னும் வினாக்கள் பின்னரே எழுந்தன. சிறுவர் மாயக்கதைகளுக்கென வரையப்பட்ட மூல ஓவியங்களைத் தேடித் திரட்டுதல் பற்றி யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

முதற்கண் மூல ஓவியம் என்பது யாதெனக் காண்போம். இதழில் நாம் காண்பது அச்சு. அவ்வச்சிற்கு முன் ஓவியர் தம் கையால் தாளில் வரைந்ததே மூலம். பழைய நாளில் மரக்கட்டையின்மீதே படம் வரைந்து, அதனைச் செதுக்கி அச்சிடுவர். செதுக்குங்கால் ஓவியர் இட்ட கோடு உளிக்கு இரையாகிவிடும். புகைப்பட முறையால் உலோக பிளாக் செய்யும் வழக்கம் வந்தபின், மூலத்தாள் அழியாது எஞ்சிற்று. ஆயினும் அச்சு முடிந்ததும் அதனைப் பொருட்படுத்துவார் சிலரே. வேலை முடிந்த தாள் குப்பையெனக் கருதப்பட்டது. மூலங்கள் அருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

'அம்புலிமாமா' 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாகிரெட்டியாராலும் சக்கரபாணியாராலும் சென்னையில் தொடங்கப்பெற்றது. தெலுங்கில் 'சந்தமாமா' என்னும் பெயருடன் பிறந்த அதே காலத்தில் தமிழிலும் வெளிவந்தது. எம். டி. வி. ஆச்சாரியா, சித்ரா, வட்டாதி பாப்பையா முதலிய ஓவியர் அதற்குப் படம் வரைந்தனர். விக்கிரமாதித்தனும் வேதாளமும் தோன்றும் புகழ்பெற்ற படங்களால் நம் உள்ளத்தில் நிலைபெற்றவர் சங்கர் எனப்படும் கே. சி. சிவசங்கரன் ஆவார். அவர் 1924-இல் கொங்கு நாட்டுக் காரத்தொழுவு என்னும் சிற்றூரிற் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, 1952-இல் அவ்விதழிற் சேர்ந்தார். பல்லாண்டுகள் அதற்கே உழைத்தார். 2020-இல் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இதழும் இப்பொழுது வெளிவருவதில்லை. நமது சேலம், நாமக்கல் சமவெளிக்குத் தொலைவில்லாத ஊரினர் ஒருவர் பாரதநாடு முழுவதும் உள்ள சிறுவர்க்கு வேதாளத்தைக் காட்டினார் என்பது நமக்குப் பெருமை தருவதாம்.

மேனாட்டில் இத்தகைய தாள்கள் பெருவிலை பெறுகின்றன. கரடிப்பொம்மை 'வின்னி த பூ'வின் காட்டினைக் காட்ட ஈ. எச். ஷெப்பர்ட் வரைந்த நிலப்படம் 2018-இல் இலண்டனில் 4,30,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. 1997-இல் வெளிவந்த முதல் 'ஹாரி பாட்டர்' நூலின் மேலட்டைக்குத் தாமஸ் டெய்லர் என்னும் இளைஞர் வரைந்த நீர்வண்ண ஓவியம், 2001-இல் 85,750 பவுனுக்கு விலைபோய், 2024-இல் நியூயார்க்கில் 19 இலட்சம் டாலரைக் கடந்தது. விலை மிகுந்தவிடத்து வஞ்சனையும் புகுதல் இயல்பன்றோ?

இதனை யான் என் பொருளிழந்தே கற்றேன். சென்ற கிறிஸ்து பிறந்தநாளின்போது புத்தாடைக்கென என் தந்தையார் அளித்த 600 ரூபாயைப் பழம்பொருள் விற்பார் ஒருவரிடம் கொடுத்து, தடித்த அட்டையில் அமைந்த வேதாளப் படமொன்றை, 'கையால் வரைந்தது' என்னும் அவர் சொல்லை நம்பி வாங்கினேன். பாட்டியாரிடம் காட்டினேன், அவர் கண்கள் மலர்ந்தன. கல்லூரிக்கு மீண்டபின் பௌதிகம் பயிலும் நண்பர் உருப்பெருக்காடியை அதன்மீது வைத்தார். மன்னனின் முகம் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகிய எண்ணற்ற புள்ளிகளாகச் சிதறிற்று. இதழிலிருந்து வெட்டி ஒட்டிய அச்சுத்தாளே அது! கையால் தீட்டிய வண்ணத்தில் அங்ஙனம் வரிசைப்பட்ட புள்ளிகள் இரா.

ஆதலின் வாங்குவோர் நோக்கத்தக்க குறிகள் சில உள. கறுப்புக் கோட்டுப்படத்தின் அச்சில் புள்ளிகள் இல்லாமலும் இருக்கலாம். எனவே புள்ளியின்மை ஒன்றே போதிய சான்றாகாது. மையின் அடியில் பென்சிற் கோட்டின் சுவடு உளதா, பிழை மறைக்க வெள்ளை வண்ணம் தடவப்பட்டுளதா, ஓரத்தில் அச்சகத்தார்க்கு அளவு குறித்த எழுத்து உளதா என்று காண்க. சிறிதாக்கி அச்சிட்டால் கோடு நேர்த்தியாகத் தோன்றுமாதலின், ஓவியர் பெரும்பாலும் அச்சினும் பெரிய அளவிலேயே வரைவர். இதழோடு ஒப்பிட்டு அளந்து பார்ப்பதும் நன்று.

பெற்றதைப் பேணுதல் அடுத்த கடமை. வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும். ஈரம் பூசணத்தை வளர்க்கும். கறையானும் இராமபாணப் பூச்சியும் தாளைத் தின்னும். அமிலமற்ற தாளிடையே வைத்து, உலர்ந்த இருண்ட இடத்திற் சேமித்தல் வேண்டும். பசைநாடா ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி மூடுதலும் ஓவியத்திற்குத் தீங்கு செய்வன. பின் அவற்றை நீக்குதல் அரிது.

மற்றொன்றும் உண்டு. தாளை வாங்கியவர் அதனை அச்சிடும் உரிமையையும் வாங்கியவராகார். பதிப்புரிமை வேறு, தாளின் உடைமை வேறு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிலை போகும் மூல ஓவியத்தில், முதல் உரிமையாளராயிருந்த ஓவியருக்கோ அவர்தம் வழியினருக்கோ ஒரு பங்கு உண்டென்கின்றது. அப்பங்கு நூற்றுக்குப் பத்தினை மிகாது. வரைந்தவர் வறுமையுற, விற்பவர் மட்டும் செழித்தல் அறமன்று என்னும் கருத்தே இதன் உயிராம்.

நாமக்கல் கவிஞர் இராமலிங்கனார் கவிஞராகப் புகழ்பெறுமுன் ஓவியராக வாழ்ந்தவர் என்பதை நாம் அறிவோம். நம் சிற்றூர்களில் சித்திர ஆசிரியராகவும் பெயர்ப்பலகை எழுதுவோராகவும் இருந்த முதியோர் இல்லங்களில், இதழ்களுக்கு வரைந்த தாள்கள் பெட்டியடியில் உறங்கக்கூடும். அவை பழந்தாளோடு எடைக்குப் போகுமுன், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் தகும். வாங்க இயலாவிடினும், 'இதனை எறியாதீர்' என்று சொல்லுதற்குப் பொருள் வேண்டுவதில்லை.

யான் வாங்கிய அட்டையைப்பற்றிய உண்மையைப் பாட்டியாரிடம் சொல்ல அஞ்சினேன், ஆயினும் சொன்னேன். அவர் நகைத்து, "மெய்யான படம் எங்கேனும் இருக்குமல்லவா? அதைத் தேடு, கண்ணு" என்றார். அத்தேடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.